விசுவாசத்துக்காக ஒதுக்கிட்டாங்களா? உடையாம, கசந்தும் போகாம இருக்கறது எப்படி

ஞானஸ்நானம் எடுத்த மறுவாரம் எங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல இருந்து என்னை தூக்கிட்டாங்க. சண்டையும் இல்ல சத்தமும் இல்ல, காலையில எந்திரிச்சு பாத்தா குரூப் இல்ல, அவ்ளோதான். அடிபட்டவங்க, ஜெயிலுக்குப் போனவங்க, உயிரவே குடுத்தவங்க முன்னாடி இதெல்லாம் ஒரு பாடான்னு கேட்டா இல்லதான், ஆனா அன்னைக்கு பாத்ரூம்ல உக்காந்து அழுதேன், அதையும் மறைக்கறதுக்கில்ல. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா நானும் தப்பு தப்பா பண்ணி, கூட இருந்தவங்க பட்டதையும் பாத்து கத்துக்கிட்டத இங்க எழுதுறேன். பெரிய ஊழியக்காரன் எல்லாம் இல்ல நான், சபையில கடைசி பெஞ்சு ஆளு.

மொதல்ல ஒரு பேப்பர் எடுங்க. நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் அவங்க உங்களுக்கு என்ன பண்ணாங்கன்னு எழுதுங்க, வலது பக்கம் அதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணீங்கன்னு எழுதுங்க. இது ஏன்னா 1 பேதுரு 4ஆம் அதிகாரத்துல 15ஆவது வசனம் ஒரு லிஸ்ட் போடுது, கொலைபாதகனா, திருடனா பாடுபடாதீங்கன்னு ஆரம்பிச்சு கடைசியில "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனா"ன்னு முடியுது. கொலைகாரனையும் அடுத்தவன் விஷயத்துல மூக்க நுழைக்கிறவனையும் ஒரே வரியில பேதுரு வச்சிருக்காரு பாருங்க, எனக்கு அத வாசிக்கும்போதெல்லாம் சுருக்குன்னு இருக்கும். ஏன்னா நான் எழுதுன பேப்பர்ல வலது பக்கம்தான் நீளமா இருந்துச்சு. சாப்பிட உக்காந்தா பிரசங்கம், யாராவது காய்ச்சல்னு படுத்தா "நீங்க இன்னும் மனந்திரும்பல"ன்னு ஒரு டயலாக், ராத்திரி ஜெபத்துக்குப் போய்ட்டு காலையில ஆபீஸுக்கு லேட்டா போயி மேனேஜர் திட்டுனா அதுக்குப் பேரு உபத்திரவம். அது உபத்திரவம் இல்லங்க, அவர் செஞ்சது அவரோட வேலை.

வலது பக்கத்துல உள்ளதுக்கு மன்னிப்பு கேட்டுருங்க. விசுவாசத்துக்காக இல்ல, பேசின விதத்துக்காக. "நான் நம்புறத விடமாட்டேன், ஆனா உங்கள அன்னைக்கு அப்படி பேசுனது தப்பு"ன்னு ரெண்டு வரி போதும். இதப் பண்ணி முடிச்சப்புறமும் இடது பக்கம் மிச்சம் இருக்கும் பாருங்க, அதுதான் உண்மையிலேயே கிறிஸ்துவுக்காக வர்ற நிந்தை. அதுக்கு வெக்கப்பட வேண்டாம்னு அடுத்த வசனமே சொல்லுது.

அடுத்தது, வந்திருக்கறது என்ன சைஸ்னு பாக்கணும். எல்லாத்துக்கும் ஒரே மருந்து இல்ல. கேலி பண்றாங்க, பேர் வச்சு கூப்புடுறாங்கன்னா சிரிச்சிட்டு கடந்து போறதுதான் பெஸ்ட், ஆறு மாசத்துல அவங்களுக்கே போரடிச்சிரும். வேலையில பிரமோஷன் நிறுத்துறாங்க, வீடு குடுக்க மாட்டேங்கறாங்கன்னா அது வேற, அதுக்கு ஆதாரம் வேணும், கீழ சொல்றேன். ஆனா கைய வைக்கிறாங்க, பூட்டி வைக்கிறாங்க, உயிருக்கு மிரட்டல்னா அங்க இருந்து கிளம்புங்க. இது கோழைத்தனம்னு யாராவது சொன்னா மத்தேயு 10:23 எடுத்து காட்டுங்க, ஒரு பட்டணத்துல துன்பப்படுத்தினா மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கன்னு சொன்னது ஆண்டவரே. நாசரேத்துல மலை உச்சியில இருந்து தள்ளப் பாத்தப்போ அவர் நடுவுல நடந்து போய்ட்டாரு, தேவாலயத்துல கல்லெடுத்தப்போ மறைஞ்சு வெளிய போனாரு. தமஸ்குல பவுல ராத்திரியில கூடையில வச்சு மதில் வழியா இறக்கி விட்டாங்க. அப்போஸ்தலனுக்கு கூடை ஓகேன்னா நமக்கும் ஓகேதான்.

பழைய சபை சரித்திரத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் ஒன்னு இருக்கு. 2ஆம் நூற்றாண்டுல சிமிர்னாவுல பாலிகார்ப்னு ஒரு பிஷப், ரொம்ப வயசானவர். பிடிக்க ஆள் வருதுன்னதும் நண்பர்கள் வற்புறுத்துனதால ஊருக்கு வெளிய ஒரு பண்ணைக்குப் போனாரு, அப்புறம் இன்னொரு இடத்துக்கு மாறினாரு. கடைசியில மாடி ரூம்ல கண்டுபுடிச்சிட்டாங்க, இனிமே ஓட வேண்டாம்னு அவரே இறங்கி வந்து, பிடிக்க வந்த காவலாளுங்களுக்கு சாப்பாடு போடச் சொல்லிட்டு, ஜெபம் பண்ண ஒரு மணி நேரம் கேட்டாரு. நின்ன இடத்துலயே ரெண்டு மணி நேரம் ஜெபம் பண்ணிருக்காரு, வந்தவங்களே இந்தப் பெரியவரையா பிடிக்க வந்தோம்னு சங்கடப்பட்டிருக்காங்க. கிறிஸ்துவ சபிச்சா விட்டுர்றோம்னு சொன்னப்போ, 86 வருஷமா அவருக்கு ஊழியம் பண்றேன், ஒரு தீங்கும் எனக்கு அவர் செய்யலியே, எப்படி தூஷிப்பேன்னு கேட்டாரு. இது நிறைய பேருக்கு தெரியும். ஆனா அதே சம்பவத்த பதிவு பண்ண கடிதத்துல இன்னொருத்தர் வர்றாரு, பிரிகியாவுல இருந்து வந்த குவிந்துஸ். இவர் தானா போயி நின்னாரு, கூட சில பேரையும் கூட்டிட்டுப் போனாரு, மிருகங்கள நேர்ல பாத்ததும் பயந்து போயி ரோமத் தெய்வங்களுக்கு பலி செலுத்திட்டாரு. அதனால தானா போயி மாட்டிக்கறவங்கள நாங்க மெச்சுறதில்லன்னு அந்தக் கடிதமே சொல்லுது. அன்னைக்கே சபைக்கு இந்தத் தெளிவு இருந்திருக்கு, நம்மாளுங்கதான் வம்ப விலை குடுத்து வாங்கிட்டு வந்து சாட்சி சொல்றோம்.

இங்க ஒன்னு அழுத்தமா சொல்லிர்றேன். வீட்டுக்குள்ள அடி வாங்குற சிஸ்டர் யாராவது இத வாசிச்சீங்கன்னா, "பொறுத்துக்கோம்மா, உன் பொறுமையால அவர் இரட்சிக்கப்படுவார்"னு யார் சொன்னாலும், அது பாஸ்டரே ஆனாலும், அந்த அட்வைஸ கேக்காதீங்க. மொதல்ல பாதுகாப்பான இடம், டாக்டர், அப்புறம் போலீஸ் இல்லன்னா வக்கீல். ஜெபம் அங்க போய் பண்ணலாம்.

உரிமை விஷயத்துக்கு வரேன். கேஸ் போடுறது, கம்ப்ளைன்ட் குடுக்கறதெல்லாம் விசுவாசக் குறைவுன்னு ஒரு பேச்சு சபைக்குள்ள சுத்திட்டு இருக்கு. அப்போஸ்தலர் 16 வாசிங்க. பிலிப்பியில அடிச்சு ஜெயில்ல போட்டாங்க, பவுலும் சீலாவும் நடுராத்திரியில பாடுனாங்க, பூமி அதிர்ந்துச்சு, இதெல்லாம் பிரசங்கத்துல கேட்டிருப்பீங்க. மறுநாள் காலையில நடந்தது பிரசங்கத்துல வராது. ரகசியமா அனுப்பிரலாம்னு அதிகாரிங்க ஆள் விட்டப்போ பவுல் முடியாதுன்னுட்டாரு, ரோம குடிமக்களான எங்கள விசாரிக்காம வெளியரங்கமா அடிச்சாங்க, இப்போ அவங்களே வந்து எங்கள வெளிய கூட்டிட்டுப் போகட்டும்னாரு, அவங்களும் பயந்துட்டு வந்தாங்க. 22ஆம் அதிகாரத்துல சவுக்கடிக்கு கட்டும்போதே குடியுரிமைய சொல்லி நிறுத்துனாரு. 25ஆம் அதிகாரத்துல ராயனுக்கே, அதாவது ரோமப் பேரரசருக்கே அப்பீல். ராத்திரி பாடுனவரும் காலையில சட்டம் பேசுனவரும் ஒரே ஆள்தான்.

நீங்க பண்ண வேண்டியது சிம்பிள். ஒரு சின்ன நோட்டு, அதுல தேதி, நேரம், இடம், யாரு என்ன சொன்னாங்க, யாரெல்லாம் பாத்தாங்க. சம்பவம் நடந்த அன்னைக்கே எழுதணும், ஒரு வாரம் கழிச்சு எழுதுனா ஞாபகம் நம்ம கோவத்துக்கு ஏத்த மாதிரி மாறிரும். மெசேஜ் வந்தா ஸ்க்ரீன்ஷாட், காயம்னா போட்டோவும் டாக்டர் சர்டிஃபிகேட்டும், ஆபீஸ்ல வாய்ல சொன்னா "இன்னைக்கு நீங்க இப்படி சொன்னீங்க, நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனா"ன்னு ஒரு மெயில் போட்டு வச்சிருங்க. இதோட ஒரு காப்பி வீட்டுக்கு வெளிய நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட இருக்கட்டும். 1948ல ஐநா சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தோட 18ஆவது பிரிவு மதத்த மாத்திக்கற சுதந்திரத்தையும் சேர்த்துதான் சொல்லுது, ஆனா நாட்டுக்கு நாடு சட்டம் வேற, நடைமுறை அதவிட வேற, அதனால உங்க இடத்து சட்டம் தெரிஞ்ச வக்கீல்கிட்ட பேசாம எதுலயும் கையெழுத்து போடாதீங்க. கோவத்துல வீடியோ எடுத்து நெட்ல போடவே போடாதீங்க, பத்து பேருக்கு தெரிஞ்ச பிரச்சனை பத்தாயிரம் பேருக்கு போயி உள்ள மாட்டிட்டு இருக்கறவங்களுக்குத்தான் அடி விழும்.

கேள்வி கேப்பாங்க, அதுக்கு பதில் முன்னாடியே ரெடியா இருக்கட்டும். மூணு வாக்கியத்துக்கு மேல வேண்டாம். என் பதில் இதுதான்: "ரொம்ப உடைஞ்சு போயிருந்தேன், இயேசுகிட்ட எனக்கு சமாதானம் கிடைச்சுது. யாரும் காசு குடுக்கல, கட்டாயப்படுத்தல. உங்க மேல எனக்கு இருக்கற பாசம் கொஞ்சம்கூட குறையல." கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்திருக்கேன், ஏன்னா நேர்ல கேக்கும்போது ஒன்னு வாய் கட்டிக்கும் இல்லன்னா கத்த ஆரம்பிச்சிருவேன். கூட்டத்துக்கு நடுவுல வாக்குவாதம் வேண்டாம், கூட்டத்துல யாரும் கன்வின்ஸ் ஆனதா நான் பாத்ததில்ல. தனியா வந்து கேட்டா பேசுங்க. கேக்கறவங்க வேடிக்கைக்கு கேக்கறாங்கன்னா பேசாமலும் இருக்கலாம், ஏரோது ராஜா எவ்ளோ கேட்டும் ஆண்டவர் ஒரு வார்த்தை பதில் சொல்லல.

அவங்க கும்பிடுறத மட்டும் கேவலமா பேசிராதீங்க. அப்போஸ்தலர் 19ல வர்ற எபேசு கலவரத்துல தியேட்டர் ஃபுல்லா ரெண்டு மணி நேரம் கத்துறாங்க, கடைசியில ஊர் சம்பிரதி, அதாவது நகர எழுத்தர் ஒருத்தர் கூட்டத்த அமர்த்துறாரு, அவர் விசுவாசி இல்ல, அவர் சொல்ற பாயிண்ட் என்னன்னா இந்த மனுஷங்க கோயிலையும் கொள்ளையடிக்கல, நம்ம தேவிய தூஷிக்கவும் இல்லன்னு. அவ்ளோ நாள் அந்த ஊர்ல பவுல் பிரசங்கம் பண்ணியும் எதிர்ப்பக்கத்து ஆளே அப்படி சொல்ல முடிஞ்சிருக்கு. நம்மளப் பத்தி பக்கத்து வீட்டுக்காரர் அப்படி சொல்லுவாரா?

மனசப் பத்தி கொஞ்சம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கிட்டு போதும் ஆண்டவரே, செத்துர்றேன்னு சொன்னப்போ மொதல்ல வந்தது பிரசங்கம் இல்ல, தூக்கமும் சாப்பாடும். அதுவும் ரெண்டு தடவ. அதனால தூங்குங்க, நேரத்துக்கு சாப்பிடுங்க, வாரக்கணக்கா தூக்கம் வரல, சாகணும்னு தோணுதுன்னா அத ஒரு ஆள்கிட்ட உடனே சொல்லிட்டு டாக்டர பாருங்க, அது விசுவாசக் குறைவு கிடையாது. சங்கீதம் 13 எடுத்துக்கோங்க, எதுவரைக்கும் எதுவரைக்கும்னு நாலு தடவ கேக்கறாரு தாவீது. நம்ம ஜெபம் மட்டும் ஏன் எப்பவும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு பாலிஷா இருக்கணும்?

சத்துருக்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொன்னது எப்படி பண்றதுன்னு யாரும் சொல்லித் தரல எனக்கு. நான் பண்றது இது. பேர சொல்லி ஆரம்பிப்பேன். கோவம் இருந்தா இருக்குன்னு சொல்லிருவேன், "ஆண்டவரே இவன நினைச்சாலே பத்திக்கிட்டு வருது"ன்னு. அப்புறம் அவங்களுக்கு உண்மையிலேயே தேவையான ஒரே ஒரு விஷயத்தக் கேப்பேன், முட்டி வலி, பையனோட வேலை, அந்த மாதிரி. திருத்துங்க, உணர்த்துங்கன்னு கேக்க மாட்டேன், அது ஜெபம் மாதிரி வேஷம் போட்ட கம்ப்ளைன்ட். பல மாசம் ஒன்னும் தோணல. மன்னிக்கறதும் குடுத்த கம்ப்ளைன்ட வாபஸ் வாங்குறதும் ஒன்னு இல்லங்கறதும் ஞாபகம் இருக்கட்டும், மன்னிப்பு மனசுல நடக்கறது, கேஸ் அடுத்தவங்களுக்கும் நடக்கக் கூடாதுன்னு.

இப்போ ஒருத்தர் பயத்துல மறுதலிச்சிட்டாரு, எழுதிக் குடுத்துட்டாருன்னு வைங்க. முடிஞ்சுதா? 250 வாக்குல ரோமப் பேரரசன் டெசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்கு பலியிட்டு சர்டிஃபிகேட் வாங்கணும்னு ஆணை போட்டான். அந்த சர்டிஃபிகேட்டுங்க எகிப்துல பாப்பிரஸ்ல இன்னைக்கும் கிடைச்சிருக்கு. நிறைய கிறிஸ்தவங்க பலியிட்டாங்க, சிலர் காசு குடுத்து சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிக்கிட்டாங்க, அப்புறம் அழுதுக்கிட்டே சபைக்கு திரும்பி வந்தாங்க. நோவேஷியன்னு ஒருத்தரு சேர்க்கவே கூடாதுன்னு தனியா பிரிஞ்சே போனாரு. கார்த்தேஜ் பிஷப் சிப்ரியனும் மத்தவங்களும் மனந்திரும்புறவங்களுக்கு கதவு இருக்குன்னு முடிவெடுத்தாங்க. இதே சிப்ரியன் அந்த 250ல ஒளிஞ்சிருந்தவர், அதுக்காக ஏச்சும் வாங்குனவர், 258ல பின்வாங்காம தலை வெட்டப்பட்டு செத்தாரு. ஜப்பான்ல கிறிஸ்தவம் தடையில இருந்த காலத்துல கிறிஸ்து படத்த மிதிக்க வச்சு சோதிச்சாங்க, மிதிச்சவங்கள்ல நிறைய பேரு வீட்டுக்குப் போயி ரகசியமா மனஸ்தாப ஜெபம் சொல்லி, பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்து, குருவே இல்லாம 200 வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்சு, 1865ல நாகசாகியில ஒரு பிரெஞ்சு பாதிரியார்கிட்ட வந்து எங்க இருதயமும் உங்க இருதயமும் ஒன்னுதான்னாங்க. ஆண்டவர தெரியாதுன்னு மூணு தடவ மறுதலிச்ச பேதுரு விஷயம் உங்களுக்கே தெரியும். விழுந்தவங்கள பின்வாங்கிட்டான்னு முத்திரை குத்துறது ரொம்ப சுலபம், குத்துறவங்க பெரும்பாலும் சோதனைக்குள்ள நிக்காதவங்க.

தனியா இருக்காதீங்க. பெரிய கூட்டம் தேவையில்ல, ராத்திரி 11 மணிக்கு போன் எடுக்கற ரெண்டு பேர் போதும். ஜெபக்குறிப்பு குடுக்கும்போது உஷாரா இருங்க, "இந்தப் பேரு, இந்தத் தெரு, வீட்டுக்குத் தெரியாம சபைக்கு வர்றாங்க, ஜெபிக்கவும்"னு 300 பேர் இருக்கற குரூப்ல போட்டா அது ஜெபக்குறிப்பு இல்ல, காட்டிக் குடுக்கறது. "ஒரு சகோதரி" போதும், ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியும். புதுசா வந்தவங்கள முதல் மாசமே மேடையேத்தி சாட்சி சொல்ல வச்சு வீடியோ போடுற பாஸ்டர்மார் தயவுசெஞ்சு நிறுத்துங்க, நீங்க மைக்க ஆஃப் பண்ணிட்டு போயிருவீங்க, அவங்க வீட்டுக்குப் போகணும். பக்கத்துல இருந்து உதவ நினைக்கறவங்களுக்கு ஒன்னு, "ஜெபிக்கிறேன்"னு சொல்லிட்டு கூடவே என்ன வேணும்னு கேளுங்க. பவுல் கடைசியா ஜெயில்ல இருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது எல்லாரும் என்னை விட்டுட்டாங்கன்னு சொல்லிட்டு, விட்டுட்டு வந்த மேலங்கிய எடுத்துட்டு வா, புஸ்தகங்கள எடுத்துட்டு வா, மாரிகாலத்துக்கு முன்னாடி வந்துருங்கறாரு. குளிருதுங்க அவருக்கு.

கடைசியா வீடு. இதுதான் எல்லாத்துலயும் கஷ்டம், வெளியாள் அடிச்சா காயம் ஆறிரும். ஆண்டவருக்கே அவர் இனத்தார் புத்தி மயங்கிருச்சுன்னு பிடிச்சிட்டுப் போக வந்தாங்க, சகோதரர்களும் அவர நம்பலன்னு யோவான் 7:5 சொல்லுது. அதுல ஒருத்தர் யாக்கோபு. ஆண்டவர் உயிர்த்தெழுந்தப்புறம் அவருக்கு தரிசனம் குடுத்தாரு, பின்னால யாக்கோபு எருசலேம் சபைக்கே தூணா நின்னாரு. அதுவரைக்கும் எத்தன வருஷம் அந்த வீட்டுல அந்த மௌனம் இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 203ல கார்த்தேஜ்ல பெர்பெத்துவான்னு ஒரு இளம் தாய், விசுவாசத்துக்காக கைக்குழந்தையோட ஜெயில்ல. அவ எழுதுன குறிப்புல அப்பா வந்து கையப் புடிச்சு முத்தம் குடுத்து காலுல விழுந்து, விசுவாசத்த விட்டுரச் சொல்லி கெஞ்சுறது வரும். அவ மாறல, ஆனா அப்பாவ எதிரின்னு எங்கயும் எழுதல, அவரோட வயசான காலத்த நினைச்சு துக்கப்பட்டேன்னுதான் எழுதுறா. மறுக்கவும் செய்யலாம், அந்த மறுப்புக்காக அழவும் செய்யலாம், ரெண்டும் சேர்ந்தே இருக்கும்.

நடைமுறையில, மனசாட்சிக்கு ஒத்து வராத விஷயத்த முன்னாடியே சொல்லிருங்க, எல்லாரும் கூடியிருக்கும்போது நடுவுல முரண்டு புடிக்காதீங்க, அது அவங்கள எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்துறது. இதுல கலந்துக்க மாட்டேன்னு சொல்லும்போதே இத செஞ்சு குடுக்கறேன்னும் சொல்லுங்க, வர்றவங்கள கவனிக்கறது, பெரியவங்கள கூட்டிட்டு வர்றது, ராத்திரி உக்காந்து கணக்கு பாக்கறது. வீட்டுக்கு குடுக்க வேண்டிய காச நிறுத்தாதீங்க. அவங்க கதவ சாத்தினா சாத்தட்டும், நம்ம பக்கம் இருந்து தாழ்ப்பாள் போடக் கூடாது.

எங்க அண்ணன் என்கூட பேசாம ரெண்டு வருஷம் ஓடிருச்சு. ஒரு நாள் ராத்திரி அவருக்கு பெரிய மெசேஜ் டைப் பண்ணேன், நாலு ஸ்க்ரால் வரும், 14 வசனம், நடுவுல ரெண்டு குத்தல். அனுப்புற பட்டன் மேல விரல் வச்சிட்டு எவ்ளோ நேரம் இருந்தேனோ தெரியல, எல்லாத்தையும் அழிச்சிட்டு "அண்ணா, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீந்துருக்கும், நான் வாங்கிட்டு வரட்டுமா"ன்னு மட்டும் அனுப்புனேன். ப்ளூ டிக் விழுந்துச்சு. மறுநாள் மத்தியானம் பதில் வந்துச்சு, "ம்". ஒரே எழுத்து. அந்த ம்-ம எத்தன தடவ எடுத்துப் பாத்திருப்பேன்னு கேக்காதீங்க. அதுல இருந்து மாசாமாசம் மாத்திரை, வாசல்ல குடுத்துட்டு வந்துருவேன், அப்புறம் வாசப்படி தாண்டி உள்ள, அப்புறம் பத்து நிமிஷம் அம்மா பக்கத்துல. விசுவாசத்தப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. போன வாரம் நான் ஊர்ல இல்ல, மறந்துட்டேன். அவரே போன் பண்ணாரு, மாத்திரை வாங்கியாச்சா இல்ல நான் வாங்கிக்கட்டுமான்னு. நீங்க வாங்கிருங்கண்ணான்னேன். சரின்னு வச்சிட்டாரு. குரூப்ல இன்னும் சேர்க்கல.